தேர்தல் ஸ்டிக்கர் ஒட்டிய கஞ்சா வேன்

ஓய்வு பெற்றவர்களுக்குச் சால்வை போர்த்துகிற விழா ஒன்றில், சமீபத்தில் வேலைக்கு வந்த வாகன ஆய்வாளர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார். பேச்சு எங்கெங்கோ போய், பறிமுதல் வண்டிகளில் வந்து நின்றது. கஞ்சா ஏற்றின வண்டியை அரசாங்கம் எடுத்துக்கொள்வதில் நியாயம் அநியாயம் பார்க்க என்ன இருக்கிறது, வண்டிக்காரனுக்குத் தெரியாமலா நடந்திருக்கும் என்று கேட்டார் அந்தத் தம்பி. என் வாயில் அப்போது கோழிக்கால் இருந்தது. வாய் காலியானபோது அவர் ஐஸ்கிரீம் வரிசைக்குப் போய்விட்டார். விழா மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்தில் நச்சரிக்கிறார்கள். அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்டதையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

என் உத்தியோகத்தின் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். அந்தப் பெயரை வேலையில் சேர்ந்த ஆணையிலும் ஓய்வு பெற்ற ஆணையிலும்தான் பார்த்தேன். நடுவில் இருந்த காலம் முழுக்க ஊருக்கு நான் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. என் மாமியார் கூட அப்படித்தான் அறிமுகம் செய்வார். ஆட்டோமொபைல் டிப்ளமோ, ராணிப்பேட்டைப் பட்டறை ஒன்றில் கிரீஸில் குளித்த இரண்டு வருஷம், பரீட்சை, பயிற்சி, வேலை. வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைத்தான் பயிற்சியில் உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மிச்சத்தை லாரி டிரைவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள்.

லைசென்ஸ், எஃப்.சி., விபத்து வண்டி பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த வேலைகள். தெரியாத வேலை ஒன்று உண்டு. போலீஸ் பிடித்து வைத்திருக்கும் வண்டியைப் பார்த்து, இது என்ன விலை போகும் என்று கோர்ட்டுக்குச் சொல்வது. ஸ்டேஷனிலிருந்து கடிதம் வரும். போனால் கட்டடத்துக்குப் பின்னால், முள்செடி மண்டிய இடத்தில், வண்டிகள் வரிசையாக நிற்கும். நம்பர் பிளேட்டை நம்பக் கூடாது. சேசிஸ் நம்பரைத் தேடிப் பிடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தால் நம்பர் தாளில் எழுந்து வரும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு எஞ்சின், டயர், பாடி என்று பார்த்து விலை போட வேண்டும்.

ஸ்டேஷனில் நிற்கும் வண்டி கரைவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் டேப் ரெக்கார்டர் போகும். அடுத்து டாங்கில் இருக்கும் டீசல். அப்புறம் பேட்டரி, ஸ்டெப்னி, ஜாக்கி. யார் எடுத்தது என்று கேட்டால் எலித்தொல்லை ஜாஸ்தி என்பார்கள். ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிற எலியைப் பிடித்து லாரி ஷெட்டில் வேலைக்கு வைக்கலாம். கேஸ் முடிந்து, குற்றமில்லாதவர் என்று தீர்ப்பாகி, வண்டிக்காரர் சாவியோடு வரும்போது அந்தச் சாவி போட ஓட்டை மட்டும் மிச்சம் இருக்கும்.

கஞ்சா கேஸ் வண்டி இதில் தனி ஜாதி. அதன் சட்டத்தை நான் கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்து உட்கார்ந்தே கற்றுக்கொண்டேன். போதைப்பொருள் ஏற்றிய வண்டி அரசுக்குப் போகும். போகாமல் இருக்க வேண்டுமானால் சொந்தக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். தனக்குத் தெரியாது, தனக்கு ஏஜென்ட் இருந்தால் அவருக்கும் தெரியாது, வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவருக்கும் தெரியாது. அது போதாது. இவர்கள் ஒவ்வொருவரும் அப்படி நடக்காமல் இருக்கத் தக்க முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தார்கள் என்றும் காட்ட வேண்டும். கொலை செய்தவன் கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் போதும், அவன் கொன்றான் என்று போலீஸ் நிரூபிக்க வேண்டும். வண்டி அப்படி நிற்க முடியாது. அதன் சொந்தக்காரர் தன் மண்டைக்குள் ஒன்று இல்லை என்பதற்குச் சாட்சி கொண்டு வர வேண்டும். எனக்கு என்னென்ன தெரியாது என்பது என் மனைவிக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அவளைக் கூடக் கோர்ட்டு நம்பாது.

சட்டத்தில் வண்டி மட்டுமில்லை, விலங்கும் உண்டு. வேலைக்கு வந்த புதிதில், 'கஞ்சா கடத்தப் பயன்பட்ட ஊர்தியை' மதிப்பிடும்படி ஒரு கடிதம் வந்தது. போய்ப் பார்த்தால் செங்கல் சூளைக் கழுதை. மருமகன் அதன் முதுகில் மூட்டை ஏற்றி மாட்டிக்கொண்டான், கழுதை மாமனாருடையது. திரும்பி வந்து எங்கள் ஆர்.டி.ஓ.விடம் என்ன செய்வது என்று கேட்டேன்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் சபாபதி. குரலை உயர்த்தியோ ஆணை பிறப்பித்தோ அவரை யாரும் பார்த்ததில்லை. 'செய்' என்கிற சொல்லே அவர் வாயில் வராது. "ஒருத்தர் செய்யலாம்" என்பார். அந்த ஒருத்தர் யார் என்பது எதிரே நிற்பவருக்குப் புரிய வேண்டும். பின்னால் ஏதாவது வில்லங்கம் வந்தால் அந்த ஒருத்தர் யாரென்று அவருக்கே தெரியாது. கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். கேட்டவர் போகும் வரை துடைப்பார். அத்தனை சுத்தமான மூக்குக்கண்ணாடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கழுதை விஷயத்தில் அவர், "பிரேக் புடிக்குதான்னு ஒருத்தர் பாத்துட்டு வரலாம்" என்றார்.

பார்த்தேன். நான்கு கால்களும் இயங்கும் நிலையில் உள்ளன, ஹாரன் நன்றாக வேலை செய்கிறது, ரிவர்ஸ் வருவதில்லை என்று எழுதினேன். அறிக்கையைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அதற்குள் கழுதை ஸ்டேஷனில் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு, தானாகவே சூளைக்கு நடந்து போய்விட்டது. போலீஸ் போய் மறுபடி கைது செய்து கூட்டி வந்தார்கள். மருமகனுக்குத் தெரியாது என்று நிரூபிக்க முடியாமல் மாமனார் கழுதையை இழந்தார். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு நின்றது ரோஸ்லின் கேஸில்தான்.

ரோஸ்லினுக்கு மாதனூர் பக்கம். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்து சூப்பர்வைசர் வரை வந்தவர். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி ஒன்றில் வார்டு வேலை, அதிர்ந்து பேசாதவர். கம்பெனி பஸ் போகாத உள் கிராமங்களிலிருந்து பெண்கள் மெயின் ரோட்டுக்கு நடந்தே வந்து, சைரன் ஊதின பிறகு ஓடி, அரை நாள் சம்பளம் இழப்பதை தினம் பார்த்தவர். வேலையை விட்டு, பி.எஃப். பணத்தைப் போட்டு, மிச்சத்துக்குக் கடன் வாங்கி, ஒரு வேன் எடுத்தார். அந்தப் பெண்களைக் காலையில் ஏற்றிக் கம்பெனி வாசலில் விட்டு, மாலையில் திரும்ப ஏற்றுவதுதான் தொழில். முதல் எஃப்.சி.க்கு என்னிடம்தான் கொண்டு வந்தார். சீட் உறைகளை கம்பெனியில் மிஞ்சின தோல் துண்டுகளை இணைத்து அவரே தைத்திருந்தார். கறுப்பு, காப்பிக் கலர், சிவப்பு என்று ஒவ்வொரு சீட்டும் ஒரு கலர். இது சர்க்கஸ் வண்டியா என்று கிண்டல் செய்தேன். "சர்க்கஸ்ல கூட இவ்ளோ நல்ல தையல் இருக்காது சார்" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் எங்கள் ஆபீஸுக்கு வெறி பிடிக்கும். வாக்குப்பெட்டிகளையும் ஊழியர்களையும் ஊர் ஊராகக் கொண்டுபோக வண்டி வேண்டும். அரசாங்கத்திடம் அத்தனை வண்டி கிடையாது. ரோட்டில் போகிற வேனை நிறுத்தி, கலெக்டர் உத்தரவைக் காட்டி, டிரைவரோடு எடுத்துக்கொள்வோம். சொந்தக்காரர் முடியாது என்று சொல்ல முடியாது. எடுத்தவுடன் 'தேர்தல் பணி' என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம். வெளியே ஒட்டினால் மழையில் ஊறி உரிந்துவிடும் என்று கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். டிரைவர்கள் கிழித்துப் போட்டுவிட்டுக் கம்பி நீட்டுவார்கள், அதனால் கடைப் பசை எல்லாம் ஆகாது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, எங்கள் பியூன் ஒரு பசை செய்வார். அது ஒட்டினால் ஒட்டியதுதான். தாளைச் சுரண்டி எடுத்தாலும் கண்ணாடியில் பச்சையாக ஒரு சதுரம் நிற்கும்.

ரோஸ்லின் வேனை எடுத்ததும் ஸ்டிக்கர் ஒட்டியதும் நான்தான். பெண்கள் வேலைக்குப் போக வேண்டுமே என்று கெஞ்சினார். தேர்தல் முடிந்ததும் வந்துவிடும் என்றேன். டிரைவர் குமாரோடு வேன் போனது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் மலைக்கு ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்காகக் காலியாக இறங்கி வந்தது. காலியாக என்றுதான் நாங்கள் நினைத்தோம். குமார் மேலிருந்து இரண்டு கஞ்சா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தான். தேர்தல் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை எந்தச் செக்போஸ்டிலும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்தாதது மட்டுமில்லை, சல்யூட் அடித்தார்கள்.

பிடிபட்டது போலீஸின் சாமர்த்தியத்தால் இல்லை. மலையடிவாரத்தில் டியூட்டி முடிந்த ஏட்டு ஒருவர் ஊருக்குப் போக வழியில் கை காட்டினார். ஏட்டு கை காட்டினால் நிறுத்தாமல் போக முடியுமா. பின் சீட்டில் ஏறி, வசதியாகக் கால் நீட்ட மூட்டையின் மேல் காலை வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் வாசனை வந்தது. இன்னாடா மூட்டை என்று அவர் கேட்டதுதான் தாமதம், குமார் வண்டியை நிறுத்திக் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்துவிட்டான். ஏட்டுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. யாராவது வரும் வரை மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு குமாரைப் பிடித்தார்கள். ஏட்டுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது.

தேர்தல் வண்டியில் கஞ்சா என்று பேப்பரில் வந்தால் எத்தனை பேர் தலை உருளும். யாரோ பிளேடு எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டார்கள். கேஸில் அது வெறும் 'தனியார் வேன்' ஆயிற்று. மலைக்கு வேறு வேன் போனது, தேர்தல் நடந்தது, ஒருவர் ஜெயித்தார். ரோஸ்லின் வேன் மட்டும் ஸ்டேஷன் முள்செடிக்குப் போய் நின்றது. விசாரணை முடியும் வரை தர முடியாது என்றார்கள். விசாரணை வருஷக்கணக்கில் ஓடியது. கடனுக்கு வட்டி அதைவிட வேகமாக ஓடியது. ரோஸ்லின் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போய்ப் புது ஆளாகச் சேர்ந்தார். அவர் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண் அங்கே இப்போது சூப்பர்வைசர். அவள் வைகிற வசவை வாங்கிக்கொண்டு தைத்தார்.

கேஸ் முடியும் தறுவாயில் மதிப்பீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனால், கலர் கலரான தோல் சீட்டுகள். டேப், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் வழக்கப்படி எலி கொண்டுபோயிருந்தது. சீட்டுகளை மட்டும் விட்டு வைத்திருந்தது. முன் கண்ணாடியில் பச்சைச் சதுரம் அப்படியே நின்றது. ஸ்டேஷனில், இது தேர்தல் டியூட்டியில் இருந்த வண்டிதானே, கேஸில் அது இருக்கிறதா என்று கேட்டேன். என்ன ஸ்டிக்கர், என்ன தேர்தல் என்றார்கள்.

ரோஸ்லினின் வக்கீல் வாணியம்பாடி இக்பால் பாய். அதுவரை அவர், என் கட்சிக்காரர் ஏழை, தேவாலயத்துக்குப் போகிறவர், ஒரு பாவமும் அறியாதவர் என்று வாதாடிக்கொண்டிருந்தார். சட்டத்துக்கு ஏழை பணக்காரன் எல்லாம் கிடையாது. டிரைவர்தான் பொறுப்பாளர், டிரைவருக்குத் தெரியும், எனவே வண்டி போகும். தன் திருட்டு நடக்காமல் இருக்கத் திருடனே முன்னெச்சரிக்கை எடுத்திருக்க வேண்டும் என்கிற சட்டத்தில் எந்தச் சொந்தக்காரர் ஜெயிக்க முடியும். தேர்தல் டியூட்டி விஷயத்தை ரோஸ்லின் பாயிடம் சொல்லியிருந்தார். ஊரில் எல்லா வேனும்தான் தேர்தலுக்குப் போகிறது, அதிலென்ன என்று பாய் விட்டுவிட்டார். கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பார்த்து, எடுத்தது நான்தான் பாய் என்றேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"அப்போ வண்டி பொறுப்பு டிரைவர்கிட்ட இல்ல, கவர்மென்ட்கிட்ட" என்றார். "தனக்குத் தெரியாது, முன்னெச்சரிக்கை எடுத்தேன்னு கவர்மென்ட்தான் சொல்லணும். தன்னைப் பத்தி மட்டமா கவர்மென்ட் எங்கயாவது சொல்லிக்குமா? எடுத்தோம்னுதான் சொல்லும். சொன்னா வண்டி நம்முது."

எனக்கும் அது பிரமாதமாகத் தோன்றியது. என்னை மதிப்பீட்டுச் சாட்சியாக ஏற்கனவே அழைத்திருந்தார்கள். அதிலேயே இதையும் கேட்டுவிடுவதாகப் பாய் சொன்னார். நான் அரசுத் தரப்பு சாட்சி என்பதால் என்னோடு மேலே எதுவும் பேசக் கூடாது என்று எழுந்து போய்விட்டார். அந்த விஷயத்தில் அவர் யோக்கியர்.

சேதி எப்படியோ சபாபதிக்குப் போயிற்று. கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கோர்ட்டுல ஸ்டிக்கர் கிக்கர்னு கேட்டா, ஞாபகம் இல்லன்னு ஒருத்தர் சொல்லலாம்" என்றார். அந்த ஒருத்தருக்கு ஞாபகம் இருக்கிறதே சார் என்றேன். அவர் மேலும் துடைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். ஒரு தடவையாவது அந்த ஒருத்தராக இல்லாமல் நானாக இருக்கலாம் என்று தோன்றியது, அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது.

கூண்டில் ஏறினேன். ரோஸ்லின் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, பின் பெஞ்சில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தார். சேசிஸ் நம்பர், டயர், விலை எல்லாம் சொல்லி முடித்தேன். பாய் எழுந்தார். வண்டியை எடுத்தது யார், எதற்கு, பிடிபட்ட அன்று அது யார் வேலையில் இருந்தது என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். பச்சைச் சதுரத்தையும் சொன்னேன். அரசு வக்கீல் முகம் வெளுத்தது. நீதிபதி அதுவரை தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர், நிதானமானவர். அடுத்த கேள்வியை அவரே கேட்டார்.

"வண்டி உங்க பொறுப்புல இருந்தப்போ, இந்த மாதிரி எதுவும் நடக்காம இருக்க இன்னா முன்னெச்சரிக்கை எடுத்தீங்க?"

"ஸ்டிக்கர் ஒட்டினோம் ஐயா."

"வேற?"

"நல்லா ஒட்டினோம் ஐயா."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்தார். நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் இறங்கினேன். அரசாங்கத்தின் முகத்தில் கரி பூசியாகிவிட்டது, வேன் வந்த மாதிரிதான் என்று நினைத்தேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

தீர்ப்பில் விளங்கியது. ரோஸ்லினுக்கு எதுவும் தெரியாது என்பதை முழுதாக நம்புகிறேன் என்று நீதிபதி எழுதியிருந்தார். வண்டி அரசின் பொறுப்பில் இருந்தது என்பதையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் பொறுப்பில் வைத்திருந்தவர் தக்க முன்னெச்சரிக்கை எடுத்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஸ்டிக்கர் ஒட்டியதைத் தவிர எதுவும் செய்யவில்லை என்று அரசுத் தரப்பு சாட்சியே சொல்லிவிட்டார். எனவே சட்டப்படி வண்டி பறிமுதல். அரசாங்கம் கவனமாக இல்லாததால் வண்டி அரசாங்கத்துக்கு. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சட்டப்படி அதில் ஓட்டை எதுவும் இல்லை.

வராந்தாவில் பாய் என்னிடம் வந்தார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஒவ்வொரு நடைக்கும் வண்டியைச் சோதனை போட்டோம்னு ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாம் சார். கவர்மென்ட்டுக்கும் பெருமை, எங்களுக்கும் வண்டி. உண்மையைப் பேசி ரெண்டு பேரையும் கவுத்துட்டீங்க" என்றார். அத்தனை வருஷ சர்வீஸில் ஆபீஸ் வேலையாக எத்தனை பொய் சொல்லியிருப்பேன். அன்றைக்கென்று நாக்கில் அரிச்சந்திரன் வந்து உட்கார்ந்துகொண்டான். ரோஸ்லின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, மத்தியான ஷிஃப்டாவது கிடைக்கும் என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இதோடு விட்டதா அரசாங்கம். சில மாதம் கழித்து எங்கள் ஆபீஸிலிருந்தே ரோஸ்லினுக்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. வேன் ஸ்டேஷனில் நின்ற காலத்துக்கெல்லாம் காலாண்டு வரி பாக்கி, அபராதத்தோடு கட்டவும். வண்டி ஓடவில்லை என்று முன்கூட்டியே எழுதித் தரவில்லையாம். சபாபதி, ஒருத்தர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார். தபாலில் போனால் இன்னும் கேவலம் என்று நானே எடுத்துப் போனேன். ரோஸ்லின் நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"கட்டிடறேன் சார்" என்றார். "வரி நான் கட்டணும்னா வண்டி என்னுது. வந்து ஓட்டிட்டுப் போறேன். வண்டி என்னுது இல்லன்னா வரி எதுக்கு? ரெண்டுல எதுன்னு உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

இதை அப்படியே சபாபதியிடம் சொன்னேன். எழுதிக் கொடுப்பது என்கிற பேச்சைக் கேட்டதும் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். அந்த நோட்டீஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அதை எலி கொண்டுபோயிருக்கும்.

பிறகு ஏலம் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று சுற்று வட்டார வேன்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பறிமுதல் வண்டி மலிவாகப் போகும் என்பதால் எப்போதும் கூட்டம் இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்து வேன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியைப் பறிகொடுத்தவர் ஏலத்தில் வந்து நின்றால் அவருக்கு எதிராக யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வண்டி வயிற்றெரிச்சல் வண்டி, வாங்கினால் ஓடாது என்பார்கள். உண்மையில் அது நம்பிக்கை இல்லை, மானம். நாளைக்குத் தன் வண்டியும் அதே முள்செடியில் நிற்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நான் வண்டியின் நிலையை வாசித்தேன். பேட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, இரண்டு டயர் வெடிப்பு, டீசல் டாங்க் துரு. அத்தனையும் உண்மை, அதற்குத் தக்க விலைதான் போட்டிருந்தேன். அடிமட்ட விலையைக் கூப்பிட்டதும் ரோஸ்லின் கையைத் தூக்கினார். அவரோடு வேனில் போய்வந்த பெண்கள் சீட்டுப் பிடித்துக் கொடுத்த பணம் அது. அரசு ஆள் மூன்று முறை கூவினார். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர் கூட இருமவில்லை. தன் வண்டியைத் தானே விலை கொடுத்து வாங்கி, மாட்டு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். என் பக்கத்தில் நின்ற வேன்காரர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். நானும் துடைத்தேன், வெயிலும்தான் ஜாஸ்தி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு தேர்தல் வந்தது. வேன் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது, பெண்கள் மறுபடி சைரனுக்கு முன்னால் கம்பெனி வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி எடுக்கும் பட்டியலில் அந்த நம்பரும் இருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. கலெக்டர் உத்தரவோடு மாதனூர் போனேன். வழியெல்லாம், எந்த முகத்தோடு கேட்பது என்று மனசு அடித்துக்கொண்டது.

வேன் வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை ஓலைப் பந்தலுக்குக் கீழே நின்றது. கண்ணாடியைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள். கீழே பார்த்தால் நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, அதன் மேல் வண்டி உட்கார்ந்திருந்தது. ஒரு சக்கரம் கூட இல்லை. ரோஸ்லின் உள்ளேயிருந்து வந்து, வாங்க சார், காபி குடிக்கிறீங்களா என்றார். சக்கரம் எங்கே என்று கேட்டேன்.

"சட்டத்துல இன்னா கேக்கறாங்க சார்? முன்னெச்சரிக்கை எடுத்தியா, இல்லியான்னு. எடுத்துட்டேன். ஓட்டு எண்ணி முடிச்சதும் மாட்டிக்குவேன்."

நான் தாளை எடுத்து, வண்டி இயங்கும் நிலையில் இல்லை என்று எழுதினேன். நான் எழுதிய அறிக்கைகளிலேயே சத்தியமானது அதுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று மறுபடி கேட்டேன், சக்கரத்தையெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று.

ரோஸ்லின் காபியை என் கையில் கொடுத்தார்.

"அது உங்களுக்கு வாணாம் சார். நாளைக்கு யாராவது கேட்டா, தெரியாதுன்னு நீங்க நிரூபிக்கணும். அந்தப் பேஜாரு இன்னான்னு எனக்குத் தெரியும்."